ஈனுலை கட்டலாமா, வேண்டாமா? ஈர விறகு, காய்ந்த விறகுக் கணக்கு

அடுப்பில் காய்ந்த விறகு எரிந்துகொண்டிருக்கும்போதே, அந்த வெக்கையில் காயட்டும் என்று ஈர விறகைப் பக்கத்தில் அடுக்கி வைப்பது உண்டு. இந்த வேளை எரிந்து முடிவதற்குள் அடுத்த வேளைக்கான விறகு தயார். அணு ஈனுலையின் யோசனையும் ஏறக்குறைய இதுதான். ஒரே வித்தியாசம், இங்கே எரித்த விறகைவிடக் காய்ந்து கிடைக்கும் விறகு அதிகம்.

கேட்டால் மாயாஜாலம் போலத் தோன்றும். ஆனால் ஒன்றுமில்லாததிலிருந்து எதுவும் வந்துவிடவில்லை. ஈர விறகின் குவியல் குறைந்துகொண்டுதான் போகிறது. அந்தக் குவியல் மிகப் பெரியது, அவ்வளவுதான். நிலத்திலிருந்து தோண்டியெடுக்கும் யுரேனியத்தில் ஆயிரத்துக்கு ஏழு அணுக்கள்தான் யுரேனியம்-235, அதாவது காய்ந்த விறகு. மிச்சம் 993 அணுக்கள் யுரேனியம்-238, அதாவது ஈர விறகு. இன்று உலகெங்கும் ஓடும் உலைகள் அந்த ஏழை நம்பியே பிழைக்கின்றன. 993-இல் கொஞ்சத்தைத்தான் தொடுகின்றன.

ஈனுலை புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1951 டிசம்பர் 20 அன்று அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் இபிஆர்-1 என்ற சிறிய உலை நான்கு மின்விளக்குகளை எரியவைத்தது. அணுசக்தியிலிருந்து பயன்படும் அளவுக்கு மின்சாரம் எடுத்தது அதுதான் முதல் தடவை, அதைச் செய்ததே ஒரு ஈனுலைதான். எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டது. இன்று உலகில் நானூற்றுச் சொச்சம் அணுமின் உலைகள் இயங்குகின்றன. அவற்றில், பல ஆண்டுகளாக மின்தொகுப்புக்கு மின்சாரம் கொடுத்துவரும் பெரிய வேக உலைகள் (ஈனுவதற்கு ஏற்ற வகை, பெயர்க் காரணம் பின்னால் வரும்) என்று எண்ணினால் ரஷ்யாவின் பெலயார்ஸ்க்கில் உள்ள இரண்டைத்தான் சொல்ல முடியும்.

அப்படியென்றால் அணுசக்தித் திட்டம் வைத்திருக்கும் ஒரு நாடு அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது? வழக்கமான உலையில் ஒரு தடவை எரித்துவிட்டுக் கழிவைப் புதைக்கலாம். கழிவிலிருந்து புளூட்டோனியத்தைப் பிரித்தெடுத்து அதே வகை உலையில் இன்னொரு தடவை எரிக்கலாம். உருகிய சோடியத்தால் குளிர்விக்கும் வேக ஈனுலை கட்டலாம். தோரியத்தின் பக்கம் போகலாம். நான்கையும் எடைபோடுவதற்கு முன்னால் என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். இந்த விவாதம் எப்போதும் உலையைச் சுற்றியே நடக்கிறது: பாதுகாப்பானதா, சோடியம் பற்றிக்கொள்ளுமா என்று. தீர்மானத்தின் முடிச்சு அங்கே இல்லை, உலைக்கு வெளியே, பழைய எரிபொருளிலிருந்து புளூட்டோனியத்தைப் பிரிக்கும் மறுசுழற்சி ஆலையில் இருக்கிறது.

நியூட்ரான் வரவு செலவு

ஒரு அணு பிளக்கும்போது இரண்டு அல்லது மூன்று நியூட்ரான்கள் வெளியே வருகின்றன. அவற்றில் ஒன்று அடுத்த அணுவைப் பிளக்க வேண்டும். இல்லாவிட்டால் தொடர்வினை நின்றுபோகும். இன்னொன்று ஒரு யுரேனியம்-238 அணுவுக்குள் புகுந்தால் அது யுரேனியம்-239 ஆகும். அதன் அரைவாழ்வு, அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம், 23 நிமிடம்தான். பிறகு நெப்டியூனியம்-239 ஆகி, இரண்டரை நாளுக்குச் சற்றுக் குறைந்த அரைவாழ்வில் சிதைந்து, புளூட்டோனியம்-239 ஆகிவிடும். இது காய்ந்த விறகு, நன்றாகப் பிளக்கும். அரைவாழ்வு 24,000 ஆண்டுகள் என்பதால் அவசரமில்லாமல் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

ஆக, எரிபொருள் அணு ஒவ்வொன்றும் விழுங்கும் ஒரு நியூட்ரானுக்குச் சராசரியாக இரண்டுக்கு மேல் திரும்பி வந்தாக வேண்டும்: தொடர்வினைக்கு ஒன்று, செலவான அணுவை ஈடுகட்ட ஒன்று. இவை போகத் தப்பி ஓடுவது, எஃகு விழுங்குவது, குளிர்விப்பான் விழுங்குவது என்று சில்லறைச் செலவுகள் வேறு. வழக்கமான உலையில் இந்தக் கணக்கு யுரேனியம்-235-க்கு 2.07 அளவில் நிற்கிறது. சில்லறைச் செலவுக்கே அது பற்றாது. அதனால் அங்கே பத்து அணு எரிந்தால் ஆறு அணு அளவுக்குத்தான் புதிதாக விளைகிறது.

புளூட்டோனியத்தை வேகமான நியூட்ரானால் அடித்தால் கதை மாறுகிறது. எண் இரண்டரைக்குப் பக்கத்தில் போகிறது. உபரி கிடைக்கிறது. வேக ஈனுலை என்ற பெயரில் உள்ள 'வேகம்' இதைத்தான் குறிக்கிறது. உலை சீக்கிரம் ஈனுகிறது என்று பொருள் இல்லை. (உண்மையில் ஈனுவது படு மந்தமான காரியம், பின்னால் பார்ப்போம்.) பிளவில் பிறக்கும் நியூட்ரான் நொடிக்குச் சுமார் 20,000 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. வழக்கமான உலையில் தண்ணீர் அதை நொடிக்கு இரண்டு கிலோமீட்டர் அளவுக்குத் தணித்துவிடும். வேக உலையில் அப்படித் தணிக்கக் கூடாது. எனவே தண்ணீர் உள்ளே வரக் கூடாது.

தொல்லை இங்கிருந்துதான் தொடங்குகிறது. வேகமான நியூட்ரான் அணுக்களைப் பெரும்பாலும் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்விடும். யுரேனியம்-235 மெதுவான நியூட்ரானைப் பிடிக்கும் வாய்ப்பு, வேகமானதைப் பிடிக்கும் வாய்ப்பைவிடப் பல நூறு மடங்கு. அதை ஈடுகட்ட எரிபொருளில் காய்ந்த விறகின் பங்கைக் கூட்ட வேண்டும்: வழக்கமான உலையில் 3 முதல் 5 சதவீதம், வேக உலையில் 15 முதல் 30 சதவீதம். உலையின் நடுப்பகுதி சின்னதாக, அடர்த்தியாக, கொதிக்கும் வெப்பத்தோடு அமைந்துவிடுகிறது. அந்த வெப்பத்தை நியூட்ரானைத் தணிக்காமல் அள்ளிக்கொண்டு போக ஒரு திரவம் தேவை. பெரும்பாலோர் கை வைத்தது சோடியத்தில்.

நடுப்பகுதியைச் சுற்றிலும் யுரேனியம்-238 குழாய்களை அடுக்குகிறார்கள். போர்வை என்று பெயர். ஈர விறகு அடுக்கும் இடம் அதுதான்.

எரித்துவிட்டுப் புதைப்பது

வழக்கமான நீர் உலைதான் இந்தப் போட்டியில் தோற்கடிக்க வேண்டிய ஆள். 1,000 மெகாவாட் உலை ஒன்றுக்கு ஆண்டுக்குச் சுமார் 200 டன் இயற்கை யுரேனியம் தேவைப்படுகிறது. அதைச் செறிவூட்டினால், அதாவது யுரேனியம்-235-இன் பங்கைக் கூட்டினால், இருபது டன்னுக்குச் சற்று மேல் எரிபொருள் வரும். அதே மின்சாரத்தைத் தர உண்மையில் பிளக்க வேண்டிய அணுக்களின் எடை ஏறக்குறைய ஒரு டன். இருநூறு டன் வெட்டியெடுத்து ஒரு டன் எரிக்கிறோம்! ஈனுலைக்காரர்களுக்குத் தூக்கம் வராமல் போனதற்கு இந்தக் கணக்குதான் காரணம், அதில் நியாயமும் இருக்கிறது.

ஆனால் வீணாக்குவது வேறு, நஷ்டப்படுவது வேறு. அணுமின்சாரத்தின் விலையில் பெரும்பங்கு உலையைக் கட்டும் செலவும் அந்தக் கடனுக்கான வட்டியும்தான். மண்ணிலிருந்து வரும் யுரேனியத்தின் பங்கு மிகச் சிறியது. அதன் விலை இரட்டிப்பானாலும் மின்கட்டணத்தில் பெரிதாகத் தெரியாது. நிலக்கரி, எரிவாயு நிலையங்களில் இப்படிச் சொல்ல முடியாது.

1970-களின் தொடக்கத்தில் எல்லோரும் வேறு மாதிரி நினைத்தார்கள். 2000-க்குள் அமெரிக்காவில் மட்டுமே ஆயிரம் உலைகள் இருக்கும் என்று அங்கே திட்டமிட்டார்கள். யுரேனியமோ அரிய பொருள் என்ற எண்ணம். அப்படியானால் ஈனுலை இல்லாமல் கதியில்லை. நடந்தது நேர்மாறு. ஆயிரம் உலை வரவில்லை. கனடா, ஆஸ்திரேலியா, கஜகஸ்தான் என்று யுரேனியம் கிடைத்துக்கொண்டே போனது. இன்றைய உலகத் தேவை ஆண்டுக்கு 65,000 டன் அளவில் இருக்கிறது. அடையாளம் கண்ட இருப்பு பல மில்லியன் டன். இப்போதைய வேகத்தில் எடுத்தால் தொண்ணூறு ஆண்டுக்கு மேல் வரும். தேடினால் இன்னும் கிடைக்கும் என்பது சுரங்கத் தொழிலின் பழைய பாடம். கடல்நீரிலும் நான்கு பில்லியன் டன்னுக்கு மேல் கரைந்து கிடக்கிறது. எடுக்கும் செலவுதான் இன்னும் கட்டுப்படியாகவில்லை.

இந்த வழியின் பலவீனம் கழிவு. எரித்து எடுத்த எரிபொருளில் புளூட்டோனியமும் அதன் பங்காளிகளும் அப்படியே இருக்கின்றன. லட்சக்கணக்கான ஆண்டுகளுக்கு அடைத்து வைக்க வேண்டும். ஃபின்லாந்துக்காரர்கள் அதிகம் பேசாமல் ஓல்கிலுவோட்டோவில் 400 மீட்டருக்கு மேல் ஆழத்தில் பாறையைக் குடைந்து இடம் கட்டிவிட்டார்கள். மற்ற நாடுகள் பெரும்பாலும் இன்னும் குளத்திலும் காங்கிரீட் பீப்பாயிலும்தான் வைத்திருக்கின்றன.

ஒரு தடவை பிரித்து, மறுபடி எரிப்பது

பிரான்ஸ் இந்த வழியில் போகிறது. லா ஆக் ஆலையில் பழைய எரிபொருளை அமிலத்தில் கரைத்துப் புளூட்டோனியத்தைப் பிரித்து, யுரேனியம் ஆக்சைடோடு கலந்து, வழக்கமான நீர் உலைகளிலேயே எரிக்கிறார்கள். இதனால் மிச்சம் பிடிக்கும் புதிய யுரேனியம் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். ஒரு சுற்று எரிந்த பிறகு அந்தப் புளூட்டோனியத்தின் தரம் கெட்டுவிடுகிறது. மெதுவான நியூட்ரானுக்குச் சரியாகப் பிளக்காத ஐசோடோப்புகள் (அதே தனிமத்தின் வேறு எடை வகைகள்) சேர்ந்துவிடுகின்றன. அதனால் மறுபடி மறுபடி சுற்றிவிட முடியாது.

இதைத் தனி வழி என்று சொல்வதைவிட, ஈனுலை வரும்வரை உட்கார்ந்திருக்கும் திண்ணை என்று சொல்லலாம். ஈனுலை வராவிட்டால் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

சோடியம்: நல்லவன், ஆனால் கோபக்காரன்

சரி, வேக ஈனுலைக்கு வருவோம். சோடியம் 98 டிகிரி செல்சியஸில் உருகும், 883 டிகிரியில்தான் கொதிக்கும். உலை ஓடுவது 550 டிகிரிக்குப் பக்கத்தில். ஆக, அழுத்தமே கொடுக்காமல் திரவமாக வைத்திருக்கலாம். நீர் உலையில் 150 வளிமண்டல அழுத்தத்தைத் தாங்கும் தடித்த எஃகுக் கலம் வேண்டும், இங்கே வேண்டாம். வெப்பத்தை அபாரமாகக் கடத்தும். எஃகை அரிக்காது. இவ்வளவும் பொய்யில்லாத நன்மைகள்.

ஆனால் காற்றுப் பட்டால் எரியும், தண்ணீர் பட்டால் வெடிப்பதுபோல் வினைபுரியும். உலைக்குள் ஓடும் சோடியம் நியூட்ரானை வாங்கிக் கதிரியக்கமும் பெறுகிறது. அந்தச் சோடியம் நேரடியாக நீராவி கொதிகலனுக்குப் போய் அங்கே ஒரு குழாய் ஓட்டையானால் விபரீதம். அதனால் நடுவில் இன்னொரு சோடியச் சுற்று வைக்கிறார்கள்: உலைச் சோடியத்தின் வெப்பம் சுத்தமான சோடியத்துக்கு, அதன் வெப்பம் தண்ணீருக்கு. நீர் உலையில் இரண்டு சுற்று போதும், இங்கே மூன்று. பம்பு, குழாய், வெப்பமாற்றி, சோடியம் உறையாமலிருக்கச் சுற்றிலும் மின்சூடேற்றி என்று எல்லாமே கூடுதல். கட்டுமானச் செலவு ஏறுவது இந்த இடத்தில்தான். ஏற்கெனவே பார்த்ததை இதோடு சேர்த்துப் பாருங்கள். அணுமின்சாரத்தில் சிறிய செலவான யுரேனியத்தை மிச்சம் பிடிக்க, பெரிய செலவான கட்டுமானத்தை ஈனுலை கூட்டுகிறது. இந்த ஒரு வரியைத் தாண்டித்தான் மற்ற வாதங்கள் எல்லாம் போக வேண்டும்.

இன்னொரு தொல்லை வெளியே அதிகம் பேசப்படுவதில்லை: சோடியம் ஒளி ஊடுருவாது. நீர் உலையைத் திறந்தால் தண்ணீருக்குள் எல்லாம் தெரியும். சோடிய உலைக்குள் ஒரு கருவி விழுந்தால் கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுவதுபோல்தான். ஜப்பானின் மோன்ஜு உலை இதற்குப் பாடப்புத்தக உதாரணம். 280 மெகாவாட் திறன்; 1994-இல் இயங்கத் தொடங்கியது. 1995 டிசம்பரில் வெப்பமானியைப் பொதிந்திருந்த ஒரு குழல், சோடிய ஓட்டத்தின் அதிர்வில் ஒடிந்து, அந்த வழியாக நூற்றுக்கணக்கான கிலோ சோடியம் கசிந்து எரிந்தது. கதிரியக்கம் இல்லாத இரண்டாம் சுற்றுச் சோடியம்தான் அது, யாருக்கும் காயமில்லை. ஆனால் வீடியோவை வெட்டி ஒட்டி மறைக்கப் பார்த்தது வெளியே வந்ததும் மக்கள் நம்பிக்கை போயிற்று. பதினான்கு ஆண்டு கழித்து 2010 மே மாதம் மறுபடி ஓட்டினார்கள். ஆகஸ்டில் எரிபொருள் மாற்றும் மூன்று டன் எடையுள்ள கருவி உலைக்குள் விழுந்தது. 2016-இல் இழுத்து மூடுவதாக முடிவெடுத்தார்கள்.

பிரான்சின் சூப்பர்ஃபீனிக்ஸ் 1,200 மெகாவாட். இதுவரை மின்சாரம் கொடுத்த ஈனுலைகளில் மிகப் பெரியது. 1986-இல் மின்தொகுப்போடு இணைந்து, கசிவு, பழுது, வழக்கு, அனுமதிச் சிக்கல் என்று ஓடிய நாளைவிட நின்ற நாள் அதிகமாகி, ஒருவழியாக 1996-இல் நன்றாக ஓட ஆரம்பித்தது. அடுத்த ஆண்டே அரசியல் முடிவாக மூடிவிட்டார்கள். ஜெர்மனியின் கால்கர் உலையோ கட்டி முடித்தும் ஒரு நாள்கூட ஓடவில்லை. 1991-இல் கைவிட்டார்கள். இப்போது அந்த இடம் கேளிக்கைப் பூங்கா. குளிர்விப்புக் கோபுரத்துக்குள் ராட்டினம் சுற்றுகிறது.

இந்தத் தோல்விகளை மட்டும் அடுக்கிவிட்டு 'ஆகவே முடியாது' என்று எழுதுவது சுலபம். அது நேர்மையாகாது. பெலயார்ஸ்க்கின் பிஎன்-600 உலை 1980 முதல் ஓடுகிறது. தொடக்க ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்ட சோடியக் கசிவுகள் வந்தன. கொதிகலனைத் தனித்தனிப் பகுதிகளாகக் கட்டியிருந்ததால் கெட்ட பகுதியை அடைத்துவிட்டு மற்றதை ஓட்டினார்கள். கசிவு வரத்தான் செய்யும் என்று ஒப்புக்கொண்டு கட்டிய உலை அது. மோன்ஜுவுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் பொறியியலில் பாதி, இந்த மனப்பான்மையில் பாதி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ரஷ்யாவில் ஒரு கசிவுக்காகப் பதினான்கு ஆண்டு உலையை நிறுத்திவைக்கும்படி கேட்கப் பொதுமக்களுக்கு வழி இருந்ததா என்பதும் நியாயமான கேள்விதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த பிஎன்-600 தன் வாழ்நாளில் பெரும்பாலும் செறிவூட்டிய யுரேனியத்தில்தான் ஓடியிருக்கிறது. எரித்ததைவிட அதிகமாக ஈனவும் இல்லை. உலகின் மிக வெற்றிகரமான 'ஈனுலை' ஈனவே இல்லை! அதன் தம்பி பிஎன்-800, 2016-இல் வணிக இயக்கத்துக்கு வந்து, 2022-இல்தான் முழுவதும் புளூட்டோனியக் கலவை எரிபொருளுக்கு மாறியது. காரணம் உலையில் இல்லை. அந்த எரிபொருளைச் செய்யும் ஆலை தயாராக வேண்டியிருந்தது.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேக உலையில் எரிபொருள் உருகி ஓரிடத்தில் திரண்டால் தொடர்வினை அதிகரிக்கலாம். பெரிய உலையில் சோடியம் கொதித்து வெற்றிடமானாலும் அப்படியே. நீர் உலையில் தண்ணீர் போனால் வினை நின்றுவிடும். இந்த அடிப்படை வித்தியாசம் உண்மை. 1966-இல் டெட்ராய்ட் அருகே ஃபெர்மி-1 உலையில் ஒரு உலோகத் தகடு கழன்று சோடிய ஓட்டத்தை அடைத்து, எரிபொருளில் ஒரு பகுதி உருகியதும் உண்மை. மறுபக்கம், 1986 ஏப்ரல் 3 அன்று ஐடஹோவின் இபிஆர்-2 உலையில் முழுத் திறனில் ஓடும்போது, தானியங்கி நிறுத்தத்தை முடக்கிவிட்டு, சோடியப் பம்புகளை வேண்டுமென்றே நிறுத்தினார்கள். உலோக எரிபொருள் சூட்டில் விரிந்து, வினை தானாக அடங்கியது. அன்றே இன்னொரு சோதனை: வெப்பம் வெளியேறும் வழியை அடைத்தார்கள். அப்போதும் அடங்கியது. மூன்று வாரம் கழித்துச் செர்னோபில் வெடித்தது, இந்தச் சோதனையை யாரும் கவனிக்கவில்லை.

சோடியத்துக்குப் பதில் ஈயம் பயன்படுத்தலாமே என்று கேட்பவர்களுக்கு: ஈயம் எரியாது, 1,700 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். ஆனால் 327 டிகிரிக்குக் கீழே இறங்கினால் குழாய்க்குள்ளேயே உறைந்துவிடும், எஃகையும் அரிக்கும், எடையும் அதிகம். சோவியத் நீர்மூழ்கிகளில் ஈயம்-பிஸ்மத் கலவையை ஓட்டிப் பார்த்த அனுபவம் உண்டு. ரஷ்யா சேவெர்ஸ்க்கில் 300 மெகாவாட் ஈய உலை ஒன்றை 2021-இல் கட்டத் தொடங்கியது. அது ஓடிக் காட்டும்வரை இதை ஒரு தேர்வாகச் சேர்க்க மாட்டேன்.

தோரியம்

ஈர விறகில் இன்னொரு வகை தோரியம்-232. நியூட்ரானை வாங்கி, புரோட்டாக்டினியம்-233 வழியாக யுரேனியம்-233 ஆகும். இதன் சிறப்பு, மெதுவான நியூட்ரானிலேயே, விழுங்கும் ஒரு நியூட்ரானுக்குத் திரும்பி வரும் எண் 2.3-ஐத் தொடுகிறது. அதாவது தண்ணீரை வைத்துக்கொண்டே, சோடியம் இல்லாமலே ஈனலாம். சும்மா காகிதக் கணக்கு அல்ல. பென்சில்வேனியாவின் ஷிப்பிங்போர்ட் நிலையத்தில் 1977 முதல் 1982 வரை ஓட்டிப் பார்த்தார்கள். கடைசியில் எண்ணியபோது, போட்டதைவிட ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் அதிகம் இருந்தது. ஜெயித்தார்கள், மயிரிழையில். அந்த உபரியை வைத்து இன்னொரு உலை தொடங்க ஆயுள் போதாது.

உபரியைக் கூட்ட ஒரு வழி, எரிபொருளையே உப்பில் கரைத்து ஓடவிடுவது. புரோட்டாக்டினியத்துக்கு அரைவாழ்வு 27 நாள். அதுவரை உலைக்குள் இருந்தால் நியூட்ரானை விழுங்கிக் கெட்டுப்போகும். உப்புக் கரைசலாக இருந்தால் ஓடும்போதே அதை வெளியே எடுத்து ஆறவைக்கலாம். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் 1965 முதல் 1969 வரை ஒரு சிறிய உருகிய உப்பு உலையை நன்றாகவே ஓட்டினார்கள். ஆனால் அங்கே ஈனிப் பார்க்கவில்லை. சீனா 2023-இல் கோபி பாலைவனப் பகுதியில் 2 மெகாவாட் வெப்பத்திறனில் இதன் வாரிசை இயக்கத் தொடங்கியிருக்கிறது.

தோரியத்தைப் பற்றி இணையத்தில் ஒரு பக்தி இயக்கமே நடக்கிறது, அதனால் இரண்டு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். தோரியம் தானாகப் பற்றாது. தொடக்கத்துக்கு யுரேனியம்-235 அல்லது புளூட்டோனியம் வேண்டும். இரண்டாவது, யுரேனியம்-233-உடன் யுரேனியம்-232 கொஞ்சம் கலந்தே வருகிறது. அதன் வழித்தோன்றல்கள் கடுமையான காமா கதிர் வீசும். எரிபொருள் செய்யும் வேலை முழுவதையும் தடித்த சுவருக்குப் பின்னால் இயந்திரக் கையால்தான் செய்ய வேண்டும். சோடியத்தில் மிச்சம் பிடித்த தலைவலி அப்படியே மறுசுழற்சி ஆலைக்கு இடம் மாறுகிறது.

முடிச்சு இருக்கும் இடம்

எந்த வகை ஈனுலையானாலும் புதிய எரிபொருள் போர்வைக்குள்ளும் பழைய எரிபொருளுக்குள்ளும் சிக்கிக் கிடக்கிறது. காய்ந்த விறகு சாம்பலுக்குள் புதைந்து கிடப்பதுபோல். கிளறி எடுக்காவிட்டால் ஈனியதற்கு அர்த்தமே இல்லை. எடுத்து, ஆறவைத்து, கரைத்து, பிரித்து, மறுபடி குழாயில் அடைக்கச் சில ஆண்டுகள் ஆகும்.

ஒரு தோராயக் கணக்கு. 1,000 மெகாவாட் வேக உலை ஆண்டுக்கு ஒரு டன் அளவுக்குப் புளூட்டோனியம் செலவழிக்கிறது என்று வையுங்கள். ஈனும் விகிதம் 1.2, அதாவது ஒரு டன் செலவானால் 1.2 டன் விளைகிறது. உபரி ஆண்டுக்கு 200 கிலோ. உலைக்குள்ளும், ஆறும் இடத்திலும், ஆலையிலும் சேர்த்துச் சுற்றில் இருப்பது ஐந்து டன் என்றால், இரண்டாவது உலைக்கான சரக்குச் சேர 25 ஆண்டு ஆகும். முதல் உலைக்கான சரக்கு எங்கிருந்து வரும்? வழக்கமான உலைகளிலிருந்துதான். 1,000 மெகாவாட் நீர் உலை ஆண்டுக்கு 200-250 கிலோ புளூட்டோனியம் விட்டுச்செல்லும். ஆக, ஏற்கெனவே பெரிய உலைத்தொகுதி இல்லாத நாடு புளூட்டோனியத்தில் ஓடும் ஈனுலையிலிருந்து தொடங்குவது கடினம்.

மறுசுழற்சி ஆலையைக் கட்டுவது உலையைக் கட்டுவதைவிடக் கடினமாகவும் இருக்கலாம். ஜப்பானின் ரொக்காஷோ ஆலையை 1993-இல் கட்டத் தொடங்கினார்கள். முடியும் தேதி இருபது தடவைக்கு மேல் தள்ளிப்போயிருக்கிறது. ஆலையை மட்டும் முதலில் கட்டி, உலை பின்னால் வரும் என்று நம்பினால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டன் சாட்சி. டூன்ரேயில் இருந்த அவர்களுடைய 250 மெகாவாட் வேக உலை 1994-இல் மூடியது. அதே ஆண்டு செல்லாஃபீல்டில் தார்ப் என்ற பெரிய மறுசுழற்சி ஆலை திறந்தது! வாங்க ஆளில்லாத புளூட்டோனியத்தைப் பிரித்துக்கொண்டே இருந்தார்கள். மற்ற நாடுகளுடையதும் சேர்த்து 140 டன் அளவுக்கு அங்கே குவிந்தது. ஆயுதம் ஏந்திய காவல், கிடங்குச் செலவு. கடைசியில் 2025 ஜனவரியில், அதை எரிக்கப்போவதில்லை, திடப்பொருளில் கட்டிப் புதைத்துவிடப்போகிறோம் என்று அறிவித்தார்கள்.

காவல் ஏன் என்றால், எட்டுக் கிலோ புளூட்டோனியத்தை ஒரு குண்டுக்குப் போதுமான அளவாகச் சர்வதேச அணுசக்தி முகமை வைத்திருக்கிறது. போர்வையில் விளைவதோ குண்டுக்கு ஏற்ற சுத்தமான வகை. 1974-இல் இந்தியா நடத்திய சோதனைக்குப் பிரித்தெடுத்த புளூட்டோனியம்தான் பயன்பட்டது. அதற்குப் பிறகு, 1977-இல் அமெரிக்க அதிபர் கார்ட்டர் தன் நாட்டில் வணிக மறுசுழற்சியை நிறுத்திவைத்தார். கிளிஞ்ச் ரிவர் ஈனுலைத் திட்டமும் 1983-இல் பணம் கிடைக்காமல் செத்தது.

சரி, யார் எதை எடுப்பது?

யுரேனியத்தைத் தடையில்லாமல் வாங்க முடிகிற, பத்துப் பதினைந்து உலைக்கு மேல் இல்லாத நாட்டுக்கு முதல் வழிதான். எரித்துப் பீப்பாயில் வைத்து, பாறையில் இடம் தேடட்டும். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

சொந்த யுரேனியம் குறைவு, இறக்குமதி எந்நேரமும் அறுபடலாம், உலை எண்ணிக்கையை வேகமாகக் கூட்டும் எண்ணம், மறுசுழற்சி ஏற்கெனவே கைப்பழக்கம் — இந்த நான்கும் சேர்ந்து அமைந்த நாட்டுக்கு மட்டும் ஈனுலைக் கணக்கு உட்காரும். இந்தியாவும் சீனாவும் அந்தப் பட்டியலில் வருவது தற்செயல் அல்ல. அங்கேயும் பொறுமை வேண்டும். கல்பாக்கத்தின் 500 மெகாவாட் ஈனுலையை 2004-இல் கட்டத் தொடங்கி, 2024 மார்ச்சில்தான் உலையின் நடுப்பகுதியை நிரப்பும் வேலையை ஆரம்பித்தார்கள். நான்கில் ஒன்று குறைந்தாலும் நான் கட்டச் சொல்ல மாட்டேன்.

கழிவைக் குறைக்கத்தான் வேக உலை என்று சொல்பவர்கள் தனி. நீண்ட ஆயுள் கொண்ட கன அணுக்கள் எல்லாவற்றையும் மறுபடி மறுபடி எரித்தால், கழிவின் நச்சு யுரேனியத் தாதுவின் அளவுக்கு இறங்க லட்சக்கணக்கான ஆண்டுக்குப் பதில் சில நூறு ஆண்டு போதும் என்பது கணக்குப்படி சரி. ஆனால் அதற்கு ஈனும் உலை தேவையில்லை, எரிக்கும் உலை போதும். அப்புறம் அந்தச் சுழற்சி ஒரு நூற்றாண்டுக்கு மேல் தடைபடாமல் ஓட வேண்டும். பாதியில் நிறுத்தினால் பிரிட்டன் கதைதான். பாறையில் குழி எப்படியும் வேண்டும்.

முடிவெடுக்காமல் காத்திருப்பதும் ஒரு தேர்வுதான். பல நாடுகள் வாய்விட்டுச் சொல்லாமல் இதைத்தான் செய்கின்றன. உலர் பீப்பாயில் வைத்த பழைய எரிபொருள் ஆறிக்கொண்டே இருக்கும். ஐம்பது ஆண்டு ஆறியதைக் கையாள்வது ஐந்து ஆண்டு ஆறியதைவிடச் சுலபம். ஆனால் காத்திருப்பதும் இலவசம் இல்லை. நன்றாகப் பிளக்கக்கூடிய புளூட்டோனியம்-241-க்கு அரைவாழ்வு 14 ஆண்டுதான். நாம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அது அமெரீசியமாக மாறி, எரிபொருள் செய்பவருக்குக் காமாத் தொல்லையாகிறது. புளூட்டோனியம்-239 மட்டும் அப்படியே கிடக்கும், 24,000 ஆண்டு அரைவாழ்வோடு.